திராஸில் நின்ற லாரி: சமவெளியின் டீசலும் ஒரு புட்டி மருந்தும்

நவம்பர் மாதத்தின் முதல் வாரம். திராஸ் கடைத்தெருவுக்குச் சற்று முன்பாகச் சாலையோரத்தில் வரிசையாக நின்ற லாரிகளுள் ஒன்று காலை ஆறரை மணிக்கு உறுமிக் கிளம்பியது. ஓட்டுநருக்கு 55 வயது. பதான்கோட் பக்கத்துக் கிராமத்தவர். 30 ஆண்டுகளாக மலைச்சாலைகளில் வண்டி ஓட்டுபவர். உடனிருந்த உதவியாளன் அவருடைய தமக்கையின் மகன், வயது 19. முதல் திருப்பிலேயே எஞ்சின் பற்றியதில் இளைஞனுக்கு மகிழ்ச்சி. "பாருங்கள் மாமாஜி, இரவெல்லாம் வீணாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டீர்கள்" என்றான். பெரியவர் பதில் சொல்லவில்லை. ஸ்டீயரிங் மீது கையை வைத்தபடி எஞ்சினின் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு நிமிடங்கள் சென்றன. ஒலி மெலிந்தது, இருமுறை திணறியது, நின்றுபோனது.

அதன்பின் சாவியைத் திருப்பியபோதெல்லாம் ஸ்டார்ட்டர் மட்டுமே சுழன்றது. மூன்றாம் முறையோடு அவர் நிறுத்திக்கொண்டார். குளிரில் பேட்டரியின் வலுவும் பாதியாகிவிடும். அதையும் தீர்த்துவிட்டால் நண்பகல் வெயில் வந்தாலும் பயனில்லை. கீழே இறங்கி, வடிகட்டியின் அடியில் இருந்த ஒளிபுகும் கிண்ணத்தைக் கையுறையால் துடைத்துப் பார்த்தார். முந்தைய நாள் தெளிந்த மஞ்சளாக இருந்த டீசல் இப்போது பாலாடை மிதக்கும் தேநீரைப் போல வெளிறியிருந்தது. வண்டியில் வெங்காயமும் பூண்டும் மாவு மூட்டைகளும் இருந்தன. சரக்கு லேவுக்குப் போகவேண்டும். வெங்காயம் ஓரிரவு தாங்கும். இரண்டாம் இரவு உறைந்து, வெயில் பட்டதும் அழுகத் தொடங்கும்.

டீசல் என்பது ஒரே பொருள் அன்று. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் அதில் கலந்திருக்கின்றன. அவற்றுள் நீண்டு நேராக அமைந்த சங்கிலி மூலக்கூறுகள் குளிரில் முதலில் ஒன்றோடொன்று அடுக்கிக்கொண்டு தட்டையான படிகங்களாகின்றன. இதுவே மெழுகு. மெழுகு என்றதும் அதைக் கசடு என்று கருதிவிடக்கூடாது. எளிதில் தீப்பற்றும் தன்மையை டீசலுக்கு மிகுதியும் தருபவை இந்த நேர்ச்சங்கிலிகளே. வெப்பத்தில் எரிபொருளின் சிறந்த பகுதியாக இருப்பது குளிரில் அதன் தடையாக மாறுகிறது.

இந்த மாற்றத்தை அளக்கும் மூன்று எல்லைகள் உண்டு. தெளிந்த டீசலில் முதல் மெழுகுப் படிகம் தோன்றி நீர்மம் கலங்கும் வெப்பநிலை மேகநிலை. படிகங்கள் பெருகி வடிகட்டியை அடைக்கும் வெப்பநிலை குளிர்வடிகட்டி அடைப்புநிலை. இன்னும் குளிர்ந்து, கலனைச் சாய்த்தாலும் டீசல் அசையாமல் போவதற்குச் சற்று முந்தைய நிலை பாய்மநிலை. லாரி நிற்பது பெரும்பாலும் இரண்டாவது எல்லையிலேயே. கலனுக்குள் டீசல் ஓடக்கூடிய நிலையில்தான் இருக்கும். ஆனால் வடிகட்டியைக் கடக்க முடியாது. திராஸில் அன்று நடந்ததும் இதுவே. வடிகட்டிக்கு அப்பால், குழாயிலும் பம்பிலும் எஞ்சியிருந்த டீசல் நான்கு நிமிடங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அது தீர்ந்ததும், வடிகட்டியின் மேல் மெழுகு படலமாகப் பூசிக்கொண்டதால் பின்னால் வரவேண்டியது வரவில்லை. உடனே கிளம்பிச் சில நிமிடங்களில் நிற்கும் எஞ்சினைக் கண்டால் பழைய ஓட்டுநர்கள் பேட்டரியைச் சந்தேகிப்பதில்லை.

இந்தியாவில் டீசலுக்கான தரவிதி ஐஎஸ் 1460. அது ஆண்டை இரண்டாகப் பிரிக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்காலம்; மற்ற மாதங்கள் கோடை. பொதுவான டீசலின் குளிர்வடிகட்டி அடைப்புநிலை கோடையில் 18 டிகிரிக்கும் குளிர்காலத்தில் 6 டிகிரிக்கும் மேல் போகக்கூடாது. பஞ்சாபுக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் இந்தப் பிரிவு பொருந்துகிறது. ஸோஜிலா கணவாய்க்கு அப்பால் அது எதையும் சொல்வதில்லை. நாட்காட்டி பருவத்தை மாதங்களால் அளக்கிறது. பதான்கோட்டிலிருந்து லேவுக்குச் செல்லும் சாலையோ மூன்று நான்கு நாட்களுக்குள் இரண்டு பருவங்களைக் கடந்துவிடுகிறது. ஸோஜிலா ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திராஸ் அதைவிடச் சற்றே தாழ்வு. முந்தைய நாள் காலை சோனாமார்க்கில் சட்டைப்பித்தானைத் திறந்துவிட்டு உட்கார முடிந்தது. அன்று இரவு திராஸில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி. கலனில் இருந்ததோ பதான்கோட்டில் நிரப்பிய டீசல். மனிதர்கள் வழியில் கம்பளி வாங்கி உடுத்திக்கொண்டார்கள். டீசல் தான் புறப்பட்ட ஊரின் தட்பவெப்பத்துக்கான உடையிலேயே வந்து சேர்ந்தது.

இதற்கு விடை இல்லாமல் இல்லை. 2019 நவம்பரில், லடாக் தனி ஒன்றியப் பகுதியான சில நாட்களுக்குள், இந்தியன் ஆயில் நிறுவனம் அப்பகுதிக்கென்று குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது. உள்துறை அமைச்சர் அமித் ஷா அதைத் தொலைவிலிருந்து தொடங்கிவைத்தார். பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையில் உருவான அந்த டீசலின் பாய்மநிலை பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி. பெரும் குளிரிலும் லடாக்கின் வண்டிகள் ஓடுவதற்கு அது உண்மையான உதவி. ஆயினும் அது லடாக்கில் நிரப்பும் வண்டிக்கான விடை. சமவெளியில் கலனை நிரப்பிக்கொண்டு வரும் லாரிக்கு, அந்த விடையை அடையும்முன் ஓர் இரவைக் கடந்தாக வேண்டும்.

ஏன் அவர் சமவெளியிலேயே முழுவதும் நிரப்பினார் என்று கேட்கலாம். அந்த முடிவு அவருடையது அன்று. லாரி உரிமையாளருக்குக் குறிப்பிட்ட ஒரு பங்க்கில் மாதக் கணக்கு உண்டு. அங்கே இரண்டு கலன்களையும் நிரப்பிக்கொண்டே புறப்படவேண்டும். வழியில் நிரப்பினால் கைக்காசு. பின்னர் சீட்டைக் காட்டிப் பணம் பெறுவதற்குள் மாதம் முடிந்துவிடும். டீசல் எந்த ஊரின் குளிரைத் தாங்கவேண்டும் என்பதைக் கணக்குப் புத்தகம் தீர்மானித்தது.

இளைஞன் அதற்குள் பழைய சாக்கையும் கந்தல் துணியையும் ஒரு தகரத்தட்டில் போட்டு எடுத்துவந்தான். கலனின் அடியில் தீ மூட்டலாம் என்பது அவன் எண்ணம். அவன் அதைக் கற்றது மாமாவிடமிருந்துதான். பெரியவருடைய இளமைக்கால லாரிகளில் அதுவே வழக்கம். இரும்புக் கலனின் அடியில் சிறு தீ, வடிகட்டியின் மேல் வெந்நீர்த் துணி, கலனுக்குள் ஒரு கேன் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயின் மூலக்கூறுகள் குறுகியவை. மெழுகின் அடர்த்தியைக் குறைத்து அது படியும் வெப்பநிலையைக் கீழிறக்கும். எந்தப் பாடநூலும் இல்லாமலே பாதையில் கண்டறிந்து கைமாற்றி வந்த வேதியியல் அது. சுத்திகரிப்பு ஆலைகளும் குளிர்கால டீசலைத் தயாரிக்கும்போது மண்ணெண்ணெய்க்கு நெருக்கமான இலேசான பகுதிகளைக் கூடுதலாகச் சேர்ப்பதுண்டு. ஓட்டுநர்களின் அறிவு தவறானது அன்று. அந்த அறிவு பழகிய எஞ்சின்தான் மாறிவிட்டது.

"தீ வேண்டாம்" என்றார் பெரியவர். "இது அந்த வண்டி இல்லை பேட்டா."

2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நாடெங்கும் பிஎஸ் 6 விதி நடைமுறைக்கு வந்தது. டீசலில் இருக்கலாகும் கந்தகத்தின் உச்ச அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புதிய லாரிகளில் காமன் ரெயில் அமைப்பு 1,600 பார் அளவிலும் அதற்கு மேலும் டீசலை அழுத்தி இன்ஜெக்டருக்குள் செலுத்துகிறது. இன்ஜெக்டரின் உள்ளுறுப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. மனிதத் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டால் அதன் நுண்மை விளங்கும். கலனைச் சுற்றிலும் பிளாஸ்டிக் குழாய்களும் உணர்விகளின் கம்பிகளும் ஓடுகின்றன. அவற்றினடியில் தீ மூட்டுவது வண்டியையே பணயம் வைப்பதாகும்.

மண்ணெண்ணெயையும் அவர் தொடவில்லை. அதற்குக் காரணம் முந்தைய குளிர்காலம். அப்போது இதே லாரியின் கலனில், 30 ஆண்டுப் பழக்கத்தால், இரண்டு கேன் மண்ணெண்ணெய் ஊற்றினார். வண்டி ஓடியது, அந்தப் பயணமும் அதற்கடுத்த இரண்டு பயணங்களும் நன்றாகவே முடிந்தன. வசந்தத்தில் பம்பும் மூன்று இன்ஜெக்டர்களும் பழுதாயின. இத்தகைய பம்புக்கு டீசலே மசகு எண்ணெய். தரவிதியில் இதற்கெனத் தனிச் சோதனையே உண்டு: டீசலில் தோய்த்த உலோகத்தை உராயவிட்டால் ஏற்படும் தேய்மான வடு 460 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது. கந்தகத்தை அகற்றும் பணியில் இயல்பான வழுவழுப்பும் குறைவதால், அதை ஈடுசெய்யும் சேர்மானத்தை ஆலையிலேயே கலக்கிறார்கள். மண்ணெண்ணெய் அந்தக் காப்பை நீர்த்துப்போகச் செய்கிறது. பணிமனையில் கலப்படம் என்று எழுதினார்கள். உத்தரவாதம் செல்லாது என்றார்கள். பொது விநியோக மண்ணெண்ணெயை வண்டியில் ஊற்றுவது சட்டப்படியும் குற்றம். செலவில் ஒரு பகுதியை உரிமையாளர் ஓட்டுநரின் சம்பளத்தில் எட்டுத் தவணைகளாகப் பிடித்தார். திராஸில் வண்டி நின்ற அன்று கடைசி இரண்டு தவணைகள் இன்னும் பாக்கி இருந்தன.

அறிந்த வழிகள் இரண்டும் அடைபட்ட நிலையில் அவரிடம் எஞ்சியிருந்தது ஒரு புட்டி. புறப்படும்போது அலுவலகத்தில் கொடுத்தது. "குளிர் அதிகமானால் ஊற்றிக்கொள்" என்பதே அதனோடு வந்த ஒரே அறிவுரை. புட்டியின் மேல் ஆங்கிலத்தில் பொடி எழுத்துக்கள். அவர் அதைத் 'தவாயி' என்று அழைத்தார்; மருந்து என்று பொருள். மருந்தைப் போலவே பாதுகாத்தார்: இருக்கைக்கு அடியில், துணியில் சுற்றி, அவசரத்துக்கென்று. இப்போது அவசரம் வந்துவிட்டது. கலனின் மூடியைத் திறந்து முழுவதையும் ஊற்றினார். அரைமணி நேரம் காத்திருந்து சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் சுழன்றது, எஞ்சின் பற்றவில்லை.

ஒன்பது மணியளவில் லே பக்கமிருந்து ஸ்ரீநகர் நோக்கி வந்த ஒரு லாரி அருகே நின்றது. லடாக்கி ஓட்டுநர், 40 வயதிருக்கும். நின்ற வண்டியையும் தரையில் கிடந்த காலிப் புட்டியையும் பார்த்ததும் அவருக்குக் கதை விளங்கிவிட்டது. "எப்போது ஊற்றினீர்கள் பாஜி?" என்று கேட்டார்.

"இன்று காலைதான்."

"அது காலையில் ஊற்றுவது இல்லை. நேற்றுப் பகலில், கீழே, டீசல் இளஞ்சூட்டோடு இருக்கும்போது ஊற்றவேண்டும்."

"மருந்துதானே? நோய் வந்தபிறகுதானே கொடுப்பார்கள்?"

"மருந்து இல்லை பாஜி. குழந்தைகளுக்குப் போடுகிறார்களே தடுப்பூசி, அது மாதிரி. காய்ச்சல் வந்தபின் போட்டு என்ன பயன்?"

அவர் சொன்னதில் அறிவியல் பிழை ஏதுமில்லை. இத்தகைய சேர்மானங்கள் மெழுகைக் கரைப்பதில்லை. டீசலின் மேகநிலையைப் பெரிதாக மாற்றுவதும் இல்லை. படிகம் வளரும் விதத்தையே அவை மாற்றுகின்றன. எத்திலீன் வைனைல் அசிட்டேட் போன்ற பல்படிச் சங்கிலிகள், படிகம் உருவாகத் தொடங்கும் தருணத்தில் அதனோடு ஒட்டிக்கொண்டு, அது அகன்ற தட்டாக விரியாதபடி தடுக்கின்றன. விளைவு, எண்ணிக்கையில் மிகுந்த, உருவில் மிகச் சிறிய படிகங்கள். அவை வடிகட்டியின் மேல் படிந்தாலும் இடுக்குகள் வழியே டீசல் கசிந்து செல்லும். இவ்வளவும் நடக்க, படிகம் பிறக்கும்முன்பே சேர்மானம் டீசலில் சீராகக் கலந்திருக்கவேண்டும். தட்டுகள் வளர்ந்தபின் ஊற்றினால் அதற்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. மேலும், குளிர்ந்த டீசலில் அது கலப்பதே கடினம். உறைந்தபின் மெழுகை இளக்கும் கரைப்பான் வகைப் பொருள்களும் கடைகளில் உண்டு. ஆனால் அவை வேறு இனம். பெரியவரின் புட்டி முதல் இனத்தது. மேகநிலைக்கு முன்பே சேர்க்கவேண்டும் என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது. இளைஞன் எழுத்துக்கூட்டிப் படித்தான். மேகம் என்ற சொல்லைக் கண்டதும் வானத்தை நிமிர்ந்து பார்த்தான். வானம் தெளிவாக இருந்தது.

பின் நடந்தவை பொறுமையின் வேலை. சாலையோர உணவுக்கடையில் புகாரி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கடைக்காரர் இரண்டு பெரிய பாத்திரங்களில் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். கொதிநீரை நேரே வடிகட்டியின் மேல் ஊற்றினால் குளிர்ந்த உலோக உறை வெடிக்கக்கூடும் என்பதால், துணிகளை நனைத்துப் பிழிந்து சுற்றினார்கள். கலனைச் சாக்குகளால் மூடி அவற்றின்மேல் வெந்நீர் ஊற்றினார்கள். கீழிருந்து வீசும் காற்றைத் தடுக்க வண்டியின் பக்கவாட்டில் தார்ப்பாயைக் கட்டினார்கள். பெரியவரிடம் ஒரே ஒரு மாற்று வடிகட்டி இருந்தது. அதை அடுப்புக்கு எட்டத்தில், சுவரோரம் வைத்து வெதுவெதுப்பாக்கினார்கள். பன்னிரண்டு மணிக்கு வெயில் கலனின் மேல் நேராக விழுந்தபின் அதை மாட்டி, கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றி, சாவியைத் திருப்பினார்கள். எஞ்சின் பற்றியது. அரைமணி நேரம் அப்படியே ஓடவிட்டார்கள். காமன் ரெயில் அமைப்பில் செலவாகாத டீசல் சூடேறிக் கலனுக்குத் திரும்புவதால், ஓடும் எஞ்சினே தன் கலனை மெல்ல வெப்பமாக்கிக்கொள்ளும்.

கழற்றிய பழைய வடிகட்டியை லடாக்கி ஓட்டுநர் ஒரு தட்டில் கவிழ்த்துக் காட்டினார். வெண்ணெயைப் போல் ஒட்டியிருந்த மெழுகுக்கு நடுவே சில பொடிப்பொடியான கண்ணாடித் துணுக்குகள் மின்னின. மெழுகு அல்ல; பனிக்கட்டி. குளிர்காலத்தில் வடிகட்டியை அடைப்பவை இரண்டு. மெழுகுக்குக் காட்டும் கவனத்தைப் பலர் நீருக்குக் காட்டுவதில்லை. பாதி காலியான கலனின் உட்சுவரில் இரவில் காற்றின் ஈரம் படிந்து சொட்டாகிறது. டீசலைவிட நீர் கனமானதால் அடியில் சேர்கிறது. உறிஞ்சு குழாய் வழியே முதலில் வடிகட்டிக்கு வந்து அங்கே உறைகிறது. நீர்பிரிப்பியின் அடியில் உள்ள திருகைத் திறந்து நீரை வெளியேற்றவேண்டும் என்பது எல்லா ஓட்டுநர்களும் அறிந்ததே. பெரியவரும் தவறாமல் செய்வார், நாள்தோறும் காலையில். சமவெளியில் அது சரியான நேரம். இங்கே காலையில் அந்த நீர் கல்லாகியிருக்கும். "வண்டியை நிறுத்தியவுடன், எஞ்சின் சூடு ஆறுமுன் திறந்துவிடுங்கள்" என்றார் லடாக்கி ஓட்டுநர். இரவுக்கு முன் கலனை நிரப்பி வைத்தால் ஈரம் படியக் காற்றே குறைவாக இருக்கும் என்பதையும் சொன்னார்.

வடிகட்டியைப் பற்றி எண்ணத்தக்கது இன்னொன்றும் உண்டு. குளிர்வடிகட்டி அடைப்புநிலையைக் கண்டறியும் ஆய்வுக்கூடச் சோதனையில் 20 மில்லி டீசலை 45 மைக்ரான் இடைவெளியுள்ள கம்பி வலை வழியே 60 நொடிகளுக்குள் உறிஞ்ச முடிகிறதா என்று பார்க்கிறார்கள். இன்றைய லாரியின் இரண்டாம் வடிகட்டி ஏறத்தாழ 5 மைக்ரான் அளவுள்ள துகள்களையே பிடித்து நிறுத்துவதற்கென்று செய்யப்பட்டது. இன்ஜெக்டரின் நுண்மை அதைக் கோருகிறது. சோதனை வலையைக் கடந்த படிகம் எல்லா வண்டியின் வடிகட்டியையும் கடந்துவிடும் என்று சொல்லமுடியாது. எனவே சான்றிதழில் உள்ள எண்ணை வழிகாட்டியாகவே கொள்ளவேண்டும். எஞ்சினைக் காப்பதற்காக வடிகட்டி நுண்மையாக நுண்மையாகக் குளிரில் அது அடைபடும் வாய்ப்பு மிகுகிறது. இந்த முரணைச் சமாளிக்கவே சில வண்டிகளில் வடிகட்டியின் தலைப்பகுதியில் மின்சூடேற்றி பொருத்துகிறார்கள். அதற்கும் பேட்டரியில் வலு இருக்கவேண்டும்.

பிரியும்முன் லடாக்கி ஓட்டுநர் தம் வண்டியில் இருந்த கேனிலிருந்து 20 லிட்டர் குளிர்கால டீசலை ஊற்றினார். பணம் வாங்கிக்கொண்டார், ஆனால் லேயின் பங்க் விலைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. 400 லிட்டர் சமவெளி டீசலில் 20 லிட்டர் பெரிய மாற்றம் செய்யாது என்பது இருவருக்கும் தெரியும்.

அது மெய்யாயிற்று. அன்றிரவு கார்கிலில் தங்கி, மறுநாள் நமிக்கா லா ஏற்றத்தில் வண்டி மீண்டும் திணறியது. இம்முறை மாற்று வடிகட்டி இல்லை. வெயில் ஏறும்வரை காத்திருந்து, பழையதையே இளக்கிப் பிழிந்து மாட்டி, ஃபோட்டு லாவைக் கடந்து லே சேர்ந்தபோது ஒன்றரை நாள் தாமதம். மேலடுக்கு வெங்காயம் உறைந்து இளகிக் கெட்டிருந்தது. சரக்கு பெற்றவர் எடைபோட்டுக் கழித்த தொகையை உரிமையாளர் தொலைபேசியிலேயே ஓட்டுநரின் கணக்கில் எழுதச் சொன்னார். "மருந்து கொடுத்து அனுப்பினேனே, ஏன் ஊற்றவில்லை?" என்று கேட்டார். ஊற்றியதைப் பெரியவர் சொன்னார். எப்போது ஊற்றவேண்டும் என்பதைத் தமக்கு எவரும் சொல்லவில்லை என்பதையும் சொன்னார். அது புட்டியிலேயே எழுதியிருக்கிறது என்று பதில் வந்தது.

இந்தப் பதிலில் பொய் இல்லை என்பதே இதில் எண்ணிப் பார்க்கவேண்டியது. ஆலை தன் கடமையைச் செய்தது; தரவிதி தன் எண்ணை வகுத்தது; சேர்மானம் தயாரித்தவர் நிபந்தனையை அச்சிட்டார்; உரிமையாளர் புட்டியை வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொருவர் ஏட்டிலும் பிழை இல்லை. கலன், குளிர், கடிகாரம் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில் நின்ற மனிதருக்கு மட்டும் அந்த அறிவு அவர் பயன்படுத்தக்கூடிய சொல்லில் வந்து சேரவில்லை. அவர் அறியாதவர் என்று சொல்லிவிட முடியாது. மண்ணெண்ணெயின் வேதியியலை அவர் கையால் அறிந்திருந்தார். எஞ்சின் நிற்பதற்கு நான்கு நிமிடம் முன்பே அது நிற்கும் என்று அறிந்திருந்தார். அவருடைய அறிவைச் செல்லாததாக்கிய புதிய எஞ்சின், அந்த இடத்தை நிரப்பும் அறிவை உடன் கொண்டுவரவில்லை. இழப்பு மட்டும் அவர் பெயரில் பதிவாயிற்று. தொழில்நுட்பத்தைப் பயில்வோர் ஆய்வகத்து எண்களோடு இந்தக் கணக்கையும் சேர்த்துப் படிக்கவேண்டியிருக்கிறது.

திரும்பும் வழியில் இளைஞன் ஒரு வேலை செய்தான். காலிப் புட்டியை எறியாமல் வைத்திருந்தான். கார்கிலில் ஒரு கைபேசிக் கடைக்காரரிடம் கொடுத்து, அச்சிட்டதை ஒவ்வொரு வரியாகப் பொருள் கேட்டுக்கொண்டு, குருமுகியில் ஒரு அட்டையில் எழுதினான். அதில் மேகம் என்ற சொல்லே இல்லை. ஸ்ரீநகரில், பகல் உணவுக்குப் பின், டீசல் நிரப்புவதற்கு முன்பு புட்டியைக் கலனில் ஊற்றவும். அதன்மேல் டீசல் விழட்டும். வண்டி நின்றதும் நீர்த்திருகைத் திறக்கவும். மாற்று வடிகட்டி இரண்டு. இரவில் படுக்கைக்கு அருகில். மண்ணெண்ணெய் கூடாது. கடைசி வரியை மாமா சொல்லி எழுதவைத்தார்: பதான்கோட்டில் பாதிக் கலன் போதும், மீதி மேலே. அதற்கு மட்டும் உரிமையாளரின் இசைவு வேண்டியிருந்தது. இரண்டு தொலைபேசி உரையாடல்களுக்கும், கெட்டுப்போன வெங்காயத்தின் கணக்கை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டியதற்கும் பின் அது கிடைத்தது. பிடித்த தொகை திரும்பி வரவில்லை.

நவம்பர் கடைசி வாரத்தில் அதே லாரி மீண்டும் திராஸில் இரவு தங்கியது. குளிர் முன்னதைவிடக் கடுமை. ஆறரை மணிக்கு எஞ்சின் பற்றியது. இளைஞன் இம்முறை எதுவும் பேசவில்லை. கைபேசியில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்காம் நிமிடம் கடந்தது. ஐந்தாவதும் கடந்தது. பெரியவர் பத்து நிமிடம்வரை ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு இறங்கிப்போய் வடிகட்டியின் கிண்ணத்தைத் துடைத்துப் பார்த்தார். டீசல் இலேசாகக் கலங்கியிருந்தது; ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. உணவுக்கடைக்காரர் இரண்டு குவளை உப்புத்தேநீரை நீட்டினார். அதைக் குடித்து முடித்துவிட்டுக் கார்கில் சாலையில் ஏறினார்கள்.